ஆபீஸ் கேட்ட கேள்வியும் தேவனூர் சொன்ன பதிலும்

நான் இத்தனை வருஷம் என்ன வேலை பார்த்தேன் என்பது என் நாத்தனாருக்கு இன்னும் பிடிபடவில்லை. ‘பேக்கேஜ் செய்கிறேன்’ என்று ஒருமுறை சொல்லித் தொலைத்துவிட்டேன். அதிலிருந்து வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் முறுக்கையும் அதிரசத்தையும் டப்பாவில் அடுக்கும் பொறுப்பு என் தலையில்தான் விழுகிறது. “நம்ம சரசுக்கு அதுதானே தொழிலே” என்று வந்தவர்களிடம் பெருமையாக வேறு சொல்வார். நானும் மறுப்பதில்லை. எப்படியும் இரண்டு அதிரசமாவது என் கைக்கு வரும்.

போன மாதம் என் செல்போன் தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. காலையில் எழுந்து பார்த்தால் நான் பெரிதாக்கி வைத்திருந்த எழுத்து எறும்பாகிக் கிடந்தது. போன் செய்யும் பொத்தான் வேறு மூலைக்குக் குடி போயிருந்தது. என்னிடம் வேலை பழகி இப்போது பெங்களூரில் இருக்கும் திவ்யாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவள் சிரித்துவிட்டு, “இப்பல்லாம் யாரும் கேக்குறதே இல்லீங்கக்கா. நீங்க அந்தக் காலத்துல கேட்டு மாட்டுன கதையை எழுதுங்க, எங்க டீம்ல படிக்கக் கொடுக்குறேன்” என்றாள். அதனால்தான் இது.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் என்பது காசில்லாமல் கிடைக்கிற, யாரும் திறந்து மாற்றிக்கொள்ளக்கூடிய கம்ப்யூட்டர் இயங்குதளம். அதில் ஓட வேண்டிய நிரல், எழுத்துரு, அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்கிற செட்டிங் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி, ஒரு கட்டளையில் நிறுவிக்கொள்ளும்படி அனுப்புவதுதான் பேக்கேஜ் வேலை. கட்டி அனுப்புகிறவர் தனக்குச் சரி என்று படுவதை எல்லாம் அதில் முன்கூட்டியே வைத்து அனுப்புவார். அதற்கு டீஃபால்ட் என்று பெயர். எங்கள் ஆபீசில் ‘ஆபீஸ் முறை’ என்போம். வாங்கிக்கொள்கிறவர் தன் வசதிக்கு அதை மாற்றிக்கொள்வார். பிறகு புது பேக்கேஜ் வரும்போது யாருடைய செட்டிங் நிற்க வேண்டும்? என் தொழிலின் சண்டை எல்லாம் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கும்.

நான் சேந்தமங்கலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, கணக்கில் பட்டம் வாங்கி, ஒரு டைப்ரைட்டிங் சென்டரில் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தவள். தொண்ணூற்றேழில் கொல்லிமலை விவசாயிகளுக்காக வேலை செய்த ஒரு சின்ன அமைப்பில் சேர்ந்தேன். ஆபீஸ் மலையடிவாரத்தில். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியை வைத்து லினக்ஸ் பழகினேன். முதல் தடவை திரையின் அதிர்வெண்ணைத் தப்பாகக் கொடுத்ததில் மானிட்டர் எலி மாதிரி கீச்சிட்டது. ஆபீசே எழுந்து வாசலுக்குப் போனது. மற்றபடி என் பயிற்சிக் காலத்தில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

சில வருஷத்தில் மலைமேல் ஒன்பது ஊர்களில் தகவல் மையம் திறந்தோம். ஊருக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன், ஒரு மோடம். மிளகு விலை, காபி விலை, பஸ் நேரம், குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, ஏற்ற லாரிக்குச் சொல்லி வைப்பது எல்லாம் அதில்தான். நிரலை நான் எழுதிக் கட்டி, சிடியில் போட்டு, மலைமேல் கடைத்தெருவும் பஸ் ஸ்டாண்டும் இருக்கிற செம்மேட்டுக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவேன். மையத்தில் இருப்பவர்கள் அதைத் தாங்களே நிறுவிக்கொள்வார்கள்.

இதற்கெல்லாம் மேலே இருந்தவர் நல்லுசாமி சார். டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்று எங்களிடம் வந்தவர். அவரை மாதிரி போனில் பேசத் தெரிந்த மனிதரை நான் பார்த்ததில்லை. மலையில் இருந்து ‘கம்ப்யூட்டர் ஓடலை’ என்று அழைப்பு வந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வார். கண்ணை மூடிக்கொள்வார். “இப்ப உம்முன்னால என்ன தெரியுது சாமி? சரி. இடது பக்கம் மேல இருந்து மூணாவது படம். அதைத் தட்டு. அவசரமில்ல கண்ணு, தட்டீட்டுச் சொல்லு” என்று நடத்திக்கொண்டு போவார். அந்த மூடிய கண்ணுக்குள் மலையில் இருக்கிற திரை அப்படியே இருக்கும். அவர் யாரையும் திட்டியதே இல்லை. கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும், அவ்வளவுதான். ‘சரசு கண்ணு’ என்றால் எல்லாம் நலம். ‘சரஸ்வதி’ என்றால் ஏதோ தப்பு. ‘சரஸ்வதிங்க’ என்றால் நான் மதியச் சாப்பாட்டை மறந்துவிடலாம்.

ஒன்பது மையமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அதற்கு நல்ல காரணமும் இருந்தது. வாழவந்தி நாட்டு மையத்தில் (மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்) பஸ் நேரம் கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். அங்கே இருந்தவர் பஸ் படத்தை மேலே ஏற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, தன் இஷ்டத்துக்கு வரிசையை மாற்றி வைத்திருந்தார். ஒரு நாள் மோடம் தகராறு என்று போன் செய்தார். சார் வழக்கம்போல் கண்ணை மூடி, மூணாவது படத்தைத் தட்டச் சொன்னார். பிறகு, “சார், அது கண்ணை மூடிக்கிச்சுங்க” என்று பதில் வந்தது. அங்கே மூணாவது இடத்தில் இருந்தது கம்ப்யூட்டரை அணைக்கும் பொத்தான். நான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன். திரும்பி வந்தபோது, “சிரிச்சு முடிச்சாச்சுங்களா, சரஸ்வதிங்க?” என்றார்.

அன்றைக்கே அவருக்கும் எனக்கும் வாக்குவாதம். புது பேக்கேஜ் போகும்போதெல்லாம் ஆபீஸ் முறையே எல்லா இடத்திலும் பழைய செட்டிங்கை அழித்துவிட்டு உட்கார வேண்டும் என்றார் அவர். ஊர்க்காரர்கள் பாடுபட்டுச் செய்துகொண்டதை அழிக்க நாம் யார் என்றேன் நான். லினக்ஸ் உலகத்தில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. செட்டிங்கை அந்த ஊரில் மாற்றியிருந்தால் பேக்கேஜ் அதன்மேல் கை வைக்காது. நின்று, ‘நீங்கள் இதை மாற்றியிருக்கிறீர்கள். புதியதைப் போடட்டுமா, உங்களுடையதே இருக்கட்டுமா?’ என்று கேட்கும். சரி, கேட்டுவிடுவோம் என்று சமாதானம் ஆனோம். ஆனால் கேள்வி இங்கிலீஷில் இருந்தது. அதைத் தமிழில் மாற்றும் பொறுப்பைச் சார் தானே எடுத்துக்கொண்டார்.

இலாகா கடிதங்கள் எழுதிப் பழகிய கை அது. இரண்டு நாள் அடித்து அடித்து எழுதி, கடைசியில் என்னிடம் நீட்டினார்: ‘வணக்கம். தங்கள் மையத்திற்கென அலுவலகம் புதிய அமைப்பு ஒன்றை அன்புடன் அனுப்பியுள்ளது. ஏற்றுக்கொள்கிறீர்களா? ஆம் / இல்லை.’ படிக்க அழகாகத்தான் இருந்தது. அதற்குச் சின்ன ஜன்னலும் தமிழ் எழுத்தும் செய்து கட்டி, பஸ்ஸில் அனுப்பினேன்.

இனி தேவனூர் நாட்டுக்கு வருகிறேன். அந்த மையத்தைப் பார்த்துக்கொண்டவள் அலமேலு. அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் சாமையும் குச்சிக்கிழங்கும் மிளகும் போடுகிறவர்கள். ஊருக்கு இந்தப் பெட்டி வேண்டும் என்று நின்று வாங்கி வைத்தவளும் அவள்தான். அவளுடைய பெரியப்பா சடையக் கவுண்டர் ஊருக்குப் பெரியவர். அவருக்கு அதில் சுத்தமாக நம்பிக்கை இல்லை. “ஒரு தடவை தப்பாச் சொல்லட்டும், வந்த லாரிலயே ஏத்தி உட்டர்றேன்” என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

குச்சிக்கிழங்கு பிடுங்குவதில் ஒரு சங்கடம் உண்டு. மண்ணுக்குள் இருக்கும்வரை அது பாட்டுக்கு இருக்கும். பிடுங்கிவிட்டால் சீக்கிரமே உள்ளே கறுப்பு ஓடிவிடும். கறுப்பு ஓடிய கிழங்கை ஜவ்வரிசி ஆலையில் தொடமாட்டார்கள். அதனால் லாரி வருவது உறுதியான பிறகுதான் ஊரே சேர்ந்து ஒருவர் காட்டில், அதாவது அவருடைய மேட்டு நிலத்தில், இறங்கிப் பிடுங்கும். லாரி எங்கே வந்து நிற்க வேண்டும் என்பது எங்கள் நிரலில் ஒரு செட்டிங். ஆபீஸ் முறையில் எல்லா ஊருக்கும் செம்மேடுதான். தேவனூர்க்காரர்கள் மட்டும் லாரி டிரைவரிடம் பேசி, தங்கள் ஊர் முக்கு ரோட்டுக்கே வரவைத்தார்கள். அலமேலு அந்த செட்டிங்கைத் தானே மாற்றிக்கொண்டாள். அவள் லாரி கேட்டு அனுப்பினால் ‘தேவனூர் முக்கு’ என்றே எங்கள் ஆபீசில் சீட்டு அச்சாகி டிரைவர் கைக்குப் போகும்.

அந்தத் தமிழ்க் கேள்வி மலைக்குப் போன அதே வாரத்தில் தேவனூரில் லாரிக்குச் சொல்லியிருந்தார்கள். பிடுங்கியது சடையக் கவுண்டருடைய காடு.

பிடுங்கிய மறுநாள் முற்பகலில் அலமேலு போன் செய்தாள். “அக்கா, லாரி வரலீங்க. கெழங்கு பூராவும் ரோட்டோரத்துல குமிஞ்சு கெடக்குது.” குரலில் அழுகை இல்லை. அழுகைக்கு முந்தைய அமைதி இருந்தது. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. சீட்டை எடுத்துப் பார்த்தேன். செம்மேடு என்று இருந்தது. செம்மேட்டு டீக்கடைக்குப் போன் போட்டால், லாரி காத்துப் பார்த்துவிட்டு வேறு ஊர்ச் சரக்கை ஏற்றிக்கொண்டு இறங்கிவிட்டது என்றார்கள்.

நல்லுசாமி சார் அன்றைக்கு நாமக்கல் போயிருந்தார். நான் செருப்பைப் போட்டும் போடாமலும் லாரி ஸ்டாண்டுக்கு ஓடினேன். டிரைவர் மாரிமுத்து அண்ணன் சரக்கை இறக்கிவிட்டு, துண்டை உதறிப் போட்டு, அப்போதுதான் படுக்கப் போனார். விஷயத்தைச் சொன்னேன்.

“ஏனுங்க அம்மிணி, இப்பத்தான் அந்த எழுவது வளைவையும் எண்ணிக்கிட்டு எறங்குனேன். எண்ணுனதை மறுக்கா சரி பார்க்கச் சொல்றீங்களா?”

“தேவனூர்ல கெழங்கு கெடக்குதுங்கண்ணா. அந்தப் புள்ள சொல்லித்தான் ஊரே புடுங்குச்சு.”

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். “இதை மொதல்லயே சொல்லாம நின்னீங்கன்னா எனக்கென்ன தெரியும்? ஏறுங்க” என்றார். நானும் ஏறிக்கொண்டேன். வளைவுக்கு வளைவு அவர் ஹாரன் அடிக்க, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கிழங்கில் கறுப்பு ஓடியிருக்கக் கூடாது என்று தெரிந்த சாமியை எல்லாம் கும்பிட்டுக்கொண்டே போனேன்.

தேவனூர் முக்கில் கிழங்குக் குவியல் ஆள் உயரத்துக்கு இருந்தது. வெயில் படாமல் மேலே தழை போட்டிருந்தார்கள். அதன் பக்கத்தில், ஒரு பாயின்மேல், எங்கள் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. மானிட்டருக்கு மேல் ஒரு துண்டைப் போர்த்தி, ஒயர்களைச் சுருட்டி, மோடத்தைக் கூடையில் வைத்து, பயணத்துக்குத் தயாராக வைத்திருந்தார்கள். சடையக் கவுண்டர் சொன்னதைச் செய்கிறவர்.

“வாங்க. மொதல்ல கெழங்கை ஏத்தட்டும். அப்பறம் இந்தப் பொட்டியையும் ஏத்திக்கிட்டுப் போயிருங்க” என்றார். குரல் உயரவே இல்லை. அலமேலு பத்தடி தள்ளி நின்று தழையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பெட்டி இறங்கிப் போனால் இனி அந்த ஊரில் அவள் சொல்லுக்கு மதிப்பு இருக்காது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

மாரிமுத்து அண்ணன் இறங்கி ஒரு கிழங்கை எடுத்து ஒடித்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தோம். வெள்ளையாக இருந்தது. “தப்பிச்சுது. வெரசா ஏத்துங்க” என்றார். ஆண்களும் பெண்களும் கூடையோடு ஓடினார்கள். நான் அலமேலுவிடம் போனேன்.

“ஏங் கண்ணு, முக்குன்னுதானே நீ மாத்தி வெச்சிருந்தே? சிடி போடும்போது ஒரு கேள்வி கேட்டிருக்குமே?”

“கேட்டுச்சுங்கக்கா.”

“நீ என்ன சொன்னே?”

“ஆமான்னு சொன்னேனுங்க.”

“உன்னுது போயிரும்னு தெரியாதா?”

“ஒரு சந்தேகமாத்தான் இருந்துச்சுங்க.” தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். “ஆனா ஆபீசே வணக்கம் வெச்சு, அன்போட அனுப்பியிருக்குது, ஏத்துக்கிறீங்களான்னு கேக்குது. மூஞ்சிக்கு நேரா இல்லீன்னு சொல்றதுங்களா?”

அந்த மலையில் ஒருவர் வீட்டுக்குப் போய் நீங்கள் எதையாவது நீட்டினால், வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். தேவை இருக்கிறதோ இல்லையோ, இரண்டு கையாலும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். இது எனக்குத் தெரியாததும் இல்லை. அடிவாரத்தில் எங்களுக்கும் அதே வழக்கம்தான். கம்ப்யூட்டருக்குள் அந்த வழக்கம் வந்து நிற்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறகு விசாரித்தால், ஒன்பது மையத்திலும் ‘ஆம்’ என்றுதான் தட்டியிருந்தார்கள். வாழவந்திக்காரர் மட்டும் ‘ஆம்’ தட்டிவிட்டு, தன் பஸ் படத்தை மறுபடி முதலில் இருந்து ஏற்றியிருந்தார்.

சடையக் கவுண்டர் இதை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றார். அலமேலு பக்கம் திரும்பினார். “இதா சங்கதி? அதுக்கு வேற என்னத்தச் சொல்ல முடியும்? நானா இருந்தாலும் ஆமான்னுதான் சொல்லியிருப்பேன்” என்றார். பிறகு என்னிடம், “அவ மேல தப்பில்லைங்க. கேட்டவங்க மேலதான் தப்பு. எங்கூட்டுல எது எங்க இருக்கோணும்னு எங்களையே கேட்டா, நாங்க உங்க மொகத்தைப் பார்ப்பமா, ஊட்டைப் பார்ப்பமா?” என்றார்.

லாரி நிறைந்தது. கம்ப்யூட்டர் பாயிலேயே இருந்தது. “அடுத்த லோடு வரைக்கும் இருக்கட்டும்” என்று அவர் சொன்னபோது அலமேலு ஓடிப்போய் மானிட்டரைத் தூக்கினாள். துண்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நடந்தாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மறுநாள் நல்லுசாமி சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தன்னுடைய அழகான தமிழ்தான் காரணம் என்று கேட்டதும் தான் எழுதிய தாளை எடுத்து மறுபடி படித்துப் பார்த்தார். “கேள்வியை முரட்டுத்தனமா எழுதீருவமா?” என்றார். கேள்வியே வேண்டாம் என்றேன். கேட்காமல் விட்டால் ஆபீஸில் நாம் செய்யும் திருத்தம் எப்படிப் போய்ச் சேரும் என்றார். நியாயம்தான். ஒரே ஃபைலில் இரண்டு பேரும் எழுதினால் இந்தத் தகராறு தீராது என்பது லாரியில் மலை இறங்கும்போதே என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் இரண்டாகப் பிரித்தேன். ஆபீஸ் முறைக்கு ஒரு ஃபைல். அதை நாங்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், யாரையும் கேட்க வேண்டாம். ஊர் முறைக்கு ஒரு ஃபைல். அது காலியாகவே போகும். அதில் ஊர்க்காரர்கள் எழுதியது எதுவோ அதுதான் செல்லும். எழுதாததற்கு ஆபீஸ் முறை. ஊர் ஃபைலைப் பேக்கேஜ் எட்டிக்கூடப் பார்க்காது.

“அப்ப நான் போன்ல கண்ணை மூடிக்கிட்டு என்னத்தைப் பார்க்கறதுங்க, சரஸ்வதிங்க?” என்றார்.

அதற்கும் ஒரு வழி செய்தேன். கம்ப்யூட்டர் கிளம்பும்போது ஒரு விசையை அழுத்திப் பிடித்தால், அந்த ஒரு தடவை மட்டும் ஊர் முறையை ஒதுக்கிவிட்டு ஆபீஸ் முறையில் திறக்கும். அணைத்துப் போட்டால் மறுபடி ஊர் முறை. ஆபீஸ் முறையில் இருக்கிறோம் என்று தெரிய, பின்னணியைக் காவி நிறமாக்கச் சொன்னார் சார். பிறகு அது சாமியார் மடம் மாதிரி இருக்கிறது என்று அவரே பச்சையாக்கினார். வாழவந்திக்குப் போன் போட்டு, விசையை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, கண்ணை மூடி, “மூணாவது படம்” என்றார். மோடம் கூவுகிற சத்தம் போனில் கேட்டது. “சரசு கண்ணு, ஓடுது” என்றார். எனக்கு உயிர் வந்தது.

அதற்குப் பிறகு பெரிய இடங்களில் எல்லாம் இதே மாதிரி பிரித்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். நாங்கள்தான் முதலில் கண்டுபிடித்தோம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். முட்டிக்கொண்டவர்கள் எல்லோருக்கும் கடைசியில் அந்தக் கதவு தெரிந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். திவ்யாவின் டீமுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று. பயன்படுத்துகிறவரைக் கேட்டுவிட்டோம், அவரும் ஆம் என்றார் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அவர் எதற்காக ஆம் என்றார் என்று ஒரு தடவை லாரி ஏறிப்போய்ப் பாருங்கள்.

புதுச் சிடி மலைக்குப் போய், தேவனூரில் அடுத்த லோடுக்குச் சொல்லியிருந்த அன்றைக்குக் காலையில் இருந்தே சாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சீட்டில் ‘தேவனூர் முக்கு’ என்று அச்சானதை நானே காட்டியும் அவர் அடங்கவில்லை. அங்கே கவுண்டர் அந்தத் துண்டை மறுபடி எடுத்துவிடுவாரோ என்கிற பயம் எனக்கும் இருந்தது. சார் அலமேலுவுக்குப் போன் செய்தார். நான் பக்கத்து மேஜை இணைப்பை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். லாரி வந்துவிட்டதா என்று நேராகக் கேட்டிருக்கலாம். ஆனால் அவருக்கு என்ன தோன்றியதோ, தேனொழுகப் பேச ஆரம்பித்தார்.

“கண்ணு, ஆபீஸ்ல ஒரு யோசனை. எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி இருந்தா எங்களுக்குச் சவுகரியம். லாரியை இனிமே செம்மேட்டுக்கே வெச்சுக்கலாமா? நீ சரின்னாப் போதும் சாமி.”

எதிர்ப்பக்கம் கூடைகளை இழுக்கிற சத்தமும் நிறையப் பேர் பேசுகிற சத்தமும் கேட்டன. ‘ஆமாங்க’ என்று மட்டும் சொல்லிவிடாதே கண்ணு என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

“சார்,” என்றாள் அலமேலு. தொண்டையைச் செருமிக்கொண்டாள். “இல்லீங்க சார். லாரி இங்கதான் வரோணும்.”

சார் வாயைத் திறப்பதற்குள் போனுக்குள் மாரிமுத்து அண்ணனின் ஹாரன் காது கிழியக் கேட்டது. “லாரி வந்துருச்சுங்க, நான் வெச்சர்றேன்” என்று அவள் டக்கென்று வைத்துவிட்டாள்.

நல்லுசாமி சார் ரிசீவரைக் காதில் இருந்து எடுத்துக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அத்தனை வருஷத்தில் அவர் பேசி முடிக்கும் முன்னால் போனை வைத்தவர்கள் ஒருவரும் கிடையாது.

“கட் பண்ணிட்டா பாரு கண்ணு!” என்று ஆபீசே திரும்பிப் பார்க்கும்படி சொன்னார். முகமெல்லாம் சிரிப்பு.